மகவு கொடுத்தலும் கொள்ளுதலும்

புணே நகருக்கு வடமேற்கே, பம்பாய்க்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின்மீது நிக்டி என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. முன்னாளில் சிறு கிராமமாக இருந்த இவ்வூர், அண்டையிலுள்ள பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி முதலிய இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தபின், பல மாநிலத்து மக்களும் வந்து குடியேறிய நகர்ப்பகுதியாக வளர்ந்துவிட்டது. பிம்ப்ரியில் பென்சிலின் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலை 1954-ல் தோன்றியது. புதுநகர் வளர்ச்சிக்கென ஓர் ஆணையம் 1972-ல் நிறுவப்பெற்றது. அவ்வாணையம் இன்று இல்லை. எனினும் அது வகுத்த குடியிருப்புகளை மக்கள் இன்னும் ‘பிராதிகரண்’ என்றே வழங்குகின்றனர். பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே பல உண்டு. மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாமும் அவ்வாறு வந்து சேர்ந்தவர்களே.

வேற்று மாநிலத்தில் வாழும் மொழிபெயர்ப்பாளனுக்கு அலுவலக வேலை மாலையோடு முடிந்துவிடுவதில்லை. அண்டை வீட்டார் வங்கித் தாளையும், பள்ளிக்கூட அறிவிப்பையும், நிலப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வருவர். அவற்றைத் தமிழில் சொல்லி அனுப்புவது நமக்கு வழக்கமாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன்பு அவ்வாறு வந்தது ஆஸ்பத்திரித் தாள் ஒன்று.

கொண்டுவந்தவர் நம் குடியிருப்பிலேயே வாழும் ஒரு தமிழ்ப் பெண்மணி. கணவர் தொழிற்சாலையொன்றில் பணியாற்றுகிறார். நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்து, சோதனைக்குழாய் முறையினால் அவர்கள் ஒரு பெண்மகவைப் பெற்றனர். அச்சிகிச்சையின்போது உருவான கருக்களுள் மூன்று, பயன்படுத்தப்படாமல் உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்டு வந்த ஆங்கிலப் படிவமே அந்தத் தாள்.

“அண்ணா, ஊரிலே என் தங்கைக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷமாகிறது. மடி நிறையவில்லை. எங்களுடைய மூன்றும் அங்கே சும்மாதானே இருக்கின்றன? அவளுக்குக் கொடுப்பதென்றால் இந்தத் தாளில் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்?” என்று அவர் வினவினார்.

நாம் தாளை இரண்டு முறை படித்தோம். மூன்று கட்டங்கள் இருந்தன. தொடர்ந்து பாதுகாத்து வைத்தல் ஒன்று. அழிய விடுதல் மற்றொன்று. ஆராய்ச்சிக்கு அளித்தல் மூன்றாவது. நான்காவது கட்டம் இல்லை. அதைச் சொன்னதும் அவர், “அக்காள் பிள்ளையைத் தங்கை தத்து எடுத்துக்கொள்வது உலகத்தில் இல்லாததா, அண்ணா?” என்றார்.

உலகத்தில் உள்ளதுதான். உள்ளதாயின், ஏன் அந்தக் கட்டம் இல்லை? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நாம், தத்து என்னும் வழக்கத்தின் வரலாற்றையே ஒருமுறை திரும்பிப் பார்க்க நேர்ந்தது. அவ்வாறு கண்டவற்றை, நம்மைப் போலவே வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். ‘தத்தம்’ என்னும் வடசொல்லுக்குக் ‘கொடுக்கப்பட்டது’ என்பது பொருள். நாம் தத்து என்கிறோம். மராத்தியர் தத்தக் என்கின்றனர். இதற்கே ‘சுவீகாரம்’ என்று மற்றொரு பெயரும் உண்டு. அதற்குத் ‘தனதாக்கிக் கொள்ளுதல்’ என்பது பொருள். ஒரு சொல் கொடுப்பவர் பக்கத்திலிருந்து பேசுகின்றது. மற்றொன்று கொள்பவர் பக்கத்திலிருந்து பேசுகின்றது. இவ்விரண்டும் கூடினாலன்றித் தத்து நிறைவேறாது என்பதே பழைய நூல்களின் கருத்து.

தமிழர் வழக்கில் இதற்கு அழகியதொரு சடங்கும் இருந்தது. பிள்ளையை ஏற்றுக்கொள்வோர் மஞ்சள் கரைத்த நீரைப் பருகுவர். அதனால் தத்துப்பிள்ளைக்கு ‘மஞ்சணீர்ப் பிள்ளை’ என்னும் பெயரும் வழங்கியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரிகள் 1707-ல் தொகுத்தனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பிலும் இம்மஞ்சள் நீர்ச் சடங்கு இடம் பெற்றிருக்கின்றது. தத்துப்பிள்ளை வராவிடில் சொத்துக்கு உரியவராகக்கூடிய உறவினர், தம் சம்மதத்துக்கு அடையாளமாக அந்நீரில் விரலைத் தோய்ப்பர். பின்னர்த் தத்தெடுப்போர் அதனைப் பருகுவர். வேறொருத்தி வயிற்றிற் பிறந்த மகவைத் தன் உடம்போடு உறவாக்கிக்கொள்ளும் எண்ணம் இச்சடங்கில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. சுற்றத்தார் அறியவும் இசையவும் அது நடைபெற வேண்டும் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது.

சுற்றத்தார் இசையாவிடில் என்ன நேரும் என்பதற்குத் தஞ்சாவூரே சான்று. நிக்டியில் நெடுஞ்சாலை ஓரத்தில், துக்காராம் சுவாமிகளும் சிவாஜி மகாராஜாவும் சந்திக்கும் பெரிய சிற்பம் ஒன்று நிற்கின்றது. அவ்விடத்தைப் ‘பக்தி-சக்தி’ என்பர். அந்தச் சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரான வெங்காஜியே தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவியவர். அவர் வழியில் வந்த துளஜாஜி மன்னர் பிள்ளைகளை இழந்து வாடினார். ஆகவே 1787-ல், தாம் இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு, போன்ஸ்லே வமிசத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த சரபோஜி என்னும் சிறுவரைத் தத்தெடுத்தார். சிறுவருக்கு அப்போது வயது ஒன்பது கடந்து பத்து நடந்துகொண்டிருந்தது.

மன்னர் மறைந்தவுடன் அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர் அமர்சிங் இத்தத்தை மறுத்தார். பண்டிதர்கள் கூட்டப்பெற்றனர். மன்னர் தெளிந்த அறிவுடன் இல்லை, சிறுவர் தம் தந்தைக்கு ஒரே மகன், வயதும் கடந்துவிட்டது என்று காரணங்கள் கூறித் தத்து செல்லாது என்றனர். அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவர் சரபோஜி காவலில் இருப்பவர்போல் வாழ்ந்தார். ஷ்வார்ட்ஸ் பாதிரியார் அவருக்காகப் பரிந்து பேசியதன் பயனாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி பெற்றார். பின்னர் வேறு பண்டிதர்களிடம் கருத்துக் கேட்ட கும்பெனியார், அதே தத்து செல்லும் என்று முடிவு செய்து, 1798-ல் அவரை அரியணையில் அமர்த்தினர். அடுத்த ஆண்டே, 1799-ல், ஓர் உடன்படிக்கையின்மூலம் நாட்டின் நிர்வாகம் கும்பெனியாரின் கைக்குப் போயிற்று. சரஸ்வதி மகால் நூல்நிலையத்தை வளர்த்த பெருமை அம்மன்னருக்கு உரியது என்பதைத் தமிழர் அனைவரும் அறிவர். ஆயினும் சிறுவயதில் பதினோர் ஆண்டுகள், ‘நான் யாருடைய பிள்ளை?’ என்ற வினாவுக்குப் பிறர் சொல்லும் விடையை எதிர்நோக்கி அவர் வாழ வேண்டியிருந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

பிறகு வந்த காலத்தில் தத்து என்பது அரசுகளின் உயிருக்கே கேள்வியாயிற்று. சதாரா மன்னர் 1848-ல் இறக்கும் தறுவாயில் தத்தெடுத்தார். டல்ஹௌசி பிரபு அதனை ஏற்காமல் நாட்டை இணைத்துக்கொண்டார். ஜான்சியில் 1853-ல் மன்னர் கங்காதரராவ் இறப்பதற்கு முந்திய நாள் தத்தெடுத்த பிள்ளைக்கும் அதே கதி நேர்ந்தது. தஞ்சையில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி 1855-ல் மறைந்தபோது அவ்வரசுரிமையும் முடிவுற்றது. மூத்த அரசியார் காமாட்சிபாய் தொடுத்த வழக்கு இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அரசாங்கத்தின் அரசியல் செயலை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859-ல் அங்கே தீர்ப்பாயிற்று.

இராமநாதபுரத்தில் மட்டும் வேறு முடிவு ஏற்பட்டது. கணவரை இழந்த இராணி பர்வதவர்த்தனி நாச்சியார், 1847-ல் முத்துராமலிங்கம் என்னும் சிறுவரைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி தந்து செல்லவில்லை. ஆகவே இது செல்லாது, ஜமீன் அரசாங்கத்துக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டர் வழக்காடினார். 1868-ல் பிரிவி கவுன்சில் இவ்வழக்கைத் தீர்த்தது. திராவிட நாட்டு வழக்கப்படி, கணவன் அனுமதி இல்லாவிடினும் அவனுடைய நெருங்கிய ஞாதிகளின் சம்மதம் பெற்று விதவை தத்தெடுக்கலாம் என்றும், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் நூல் விதியினும் வலியது என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. அந்தத் தத்துப் பிள்ளையின் மகனே, விவேகானந்தர் அமெரிக்கா செல்ல ஊக்கமளித்த பாஸ்கர சேதுபதி. மகாராஷ்டிர நாட்டிலோ, கணவன் வெளிப்படையாகத் தடுத்திராவிடில் விதவை தானாகவே தத்தெடுக்கலாம் என்னும் கொள்கை நிலவியது. ஒரே இந்து சட்டம், தமிழ் மண்ணில் ஒருவிதமாகவும் மராத்திய மண்ணில் வேறுவிதமாகவும் வழங்கியதை இதனால் காண்கிறோம்.

புணே நகரிலேயே இதுபற்றிய பெரும் வழக்கொன்று நடைபெற்றது. பாபா மகாராஜ் என்னும் சர்தார் 1897-ல் இறக்கும்போது, தம் நண்பர் லோகமான்ய திலகரைத் தம் சொத்தின் பொறுப்பாளருள் ஒருவராக ஆக்கிச் சென்றார். அவருடைய மனைவி தாயி மகாராஜ், 1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஔரங்காபாத்தில் ஜகந்நாதன் என்னும் சிறுவனைத் தத்தெடுத்தார் என்பது திலகரின் கட்சி. அத்தகைய தத்து நடைபெறவே இல்லை என்று கூறிய அம்மையார், சில வாரங்களில் கோலாப்பூரைச் சேர்ந்த வேறொரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டார். இதன் காரணமாகத் திலகர்மீது பொய்ச்சாட்சி வழக்கும் தொடரப்பட்டது. அதில் அளிக்கப்பட்ட தண்டனையை 1904-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் நீக்கியது. சொத்து வழக்கோ 1915-ல்தான் பிரிவி கவுன்சிலில் திலகர் பக்கம் முடிந்தது. அத்தனை ஆண்டுகள், அத்தனை வழக்கறிஞர்கள் வாதாடிய வழக்கின் மையமான வினா மிக எளியது: பெற்றவர் பிள்ளையைக் கொடுத்தாரா? அம்மையார் அவனை மடியில் ஏற்றுக்கொண்டாரா?

சுதந்திர இந்தியா இதனையே சட்டமாக்கியது. 1956-ல் இயற்றப்பட்ட இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண்மகவையும் தத்தெடுக்கலாம் என்றது. பெண்ணும் தன் உரிமையில் தத்தெடுக்க வழி செய்தது. ஹோமம் இன்றியமையாததன்று என்றும், பிள்ளை மெய்யாகவே கொடுக்கப்பட்டும் கொள்ளப்பட்டும் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்றும் அறைந்தது. பின்னர், ஆதரவற்ற குழந்தைகளைச் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்கவும் வழி ஏற்பட்டது. அதனை மேற்பார்வையிட மத்தியத் தத்தெடுப்பு வள அமைப்பு 1990-ல் தோன்றியது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் அவ்வமைப்பு இன்று இயங்கி வருகின்றது.

இவ்வரலாறு முழுவதிலும் ஒன்று மாறாமல் இருந்தது. தத்து என்றால் ஒரு பிள்ளை இருக்கும், அதைத் தூக்கலாம், மடியில் வைக்கலாம். பிள்ளையே இல்லாத நிலையில், பிள்ளையாகக்கூடிய ஒன்றைக் கொடுக்கலாம் என்னும் நிலையை விஞ்ஞானம் நம் காலத்தில் உண்டாக்கியது.

சோதனைக்குழாய் முறையில் பிறந்த முதற் குழந்தை 1978-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் தோன்றியது. அவ்வாண்டே அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கருவை உறைய வைத்துப் பின்னர் உருக்கிப் பயன்படுத்தியதாக அவர் அறிவித்தார். அக்காலத்தவர் அவரை நம்பவில்லை. மனம் உடைந்த அவர் 1981-ல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த டாக்டர் ஆனந்தகுமார், 1997-ல் அவர் பெருமையை உலகறியச் செய்தார். உறைய வைத்த கருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட முதல் நிகழ்ச்சி, 1984-ல் ஆஸ்திரேலியாவில் நடைபெற்றது.

உறைய வைப்பதன் காரணம் எளிதில் விளங்கும். சிகிச்சையின்போது பல முட்டைகள் எடுக்கப்படுகின்றன. பல கருக்கள் உருவாகின்றன. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கருப்பையில் வைத்தல் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. ஆகவே ஒன்றிரண்டை வைத்து, எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வைக்கின்றனர். அங்கே காலம் நின்றுவிடுகிறது எனலாம். 1994-ல் உறைய வைக்கப்பட்ட கரு ஒன்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு தம்பதியரிடம் சேர்ந்து, 2025-ல் அமெரிக்காவில் ஆண் குழந்தையாகப் பிறந்திருக்கின்றது.

பெற்றோர் தமக்குத் தேவையில்லாத கருவை வேறொரு தம்பதியர்க்கு அளிப்பதையே அமெரிக்காவில் சிலர் ‘கருத் தத்து’ என்று வழங்கத் தொடங்கினர். கலிஃபோர்னியாவில் நைட்லைட் என்னும் கிறிஸ்தவத் தத்து நிறுவனம் 1997-ல் இத்திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் வழியாக முதற் குழந்தை 1998-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிறந்தது. டென்னஸி மாநிலத்தில் இதற்கென ஒரு தேசிய மையம் 2003-ல் ஏற்பட்டது.

அங்கே இது நடைபெறும் முறையைச் சுருங்கச் சொல்வோம். கொடுக்கும் குடும்பத்தார் தம் உடல்நல வரலாற்றையும் குடும்ப நோய்களையும் எழுதித் தருவர். இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வர். எத்தகைய குடும்பத்துக்குச் செல்ல வேண்டும், பிற்காலத்தில் கடிதப் போக்குவரத்தோ சந்திப்போ இருக்க வேண்டுமா என்பவற்றையும் தெரிவிப்பர். கொள்ளும் தம்பதியரின் இல்லத்தை, சாதாரணத் தத்தில் செய்வது போலவே, சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை தருவார். இரு பக்கத்தாரும் இசைந்தபின் ஒப்பந்தம் கையெழுத்தாகும். கரு குளிர்க்கலத்தில் வைத்துக் கொள்வோரின் மருத்துவமனைக்கு அனுப்பப்படும். உருக்கும்போதே சில கருக்கள் அழிந்துவிடுவதுண்டு. கருப்பையில் வைத்தவை எல்லாம் நிலைப்பதும் இல்லை. நிலைத்தால், கொண்ட தாயே பத்து மாதம் சுமந்து பெறுகிறாள். பெற்றவள் என்ற முறையில் பொதுவாக அவளே சட்டப்படி தாயாகிறாள். முன்னாளில் மஞ்சள் நீர் பருகிப் பிள்ளையைத் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டவள், இங்கே உண்மையாகவே தன் உதிரத்தால் வளர்த்து விடுகிறாள்.

ஆனால் இதனைத் தத்து என்பது தகுமா என்ற விவாதமும் அங்கே உண்டு. தத்துச் சட்டம் பிறந்த குழந்தைக்கே உரியது. ஆதலின் இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒப்பந்தத்தின்மீதே நிற்கின்றது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவக் கழகத்தின் அறநெறிக் குழுவினர், ‘கருக்கொடை’ என்பதே சரியான பெயர் என்கின்றனர். நீதிமன்றங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. கரு என்பது ஆளும் அன்று, உடைமையும் அன்று, எனினும் தனி மரியாதைக்கு உரியது என்று டென்னஸி உச்சநீதிமன்றம் 1992-ல் கூறிற்று. கருப்பைக்கு வெளியே உள்ள கருவும் குழந்தையே என்று அலபாமா உச்சநீதிமன்றம் 2024-ல் தீர்ப்பளிக்கவே, மருத்துவமனைகள் அஞ்சிச் சிகிச்சையை நிறுத்தின. உடனே புதிய சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில், அக்காலச் சட்டம் விதித்த ஐந்தாண்டுத் தவணை முடிந்தபோது, பெற்றோரிடமிருந்து பதில் வராத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் 1996-ல் அழிக்கப்பட்டன. அந்நாட்டில் கருக்கொடைக்குச் சட்டம் இடந்தருகிறது. 2005-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பின் பதிவு செய்த கொடையாளர்களால் பிறந்த மக்கள், பதினெட்டு வயதில் அக்கொடையாளர் யாரென அறிந்துகொள்ளும் உரிமையும் பெற்றிருக்கின்றனர்.

இனி நம் நாட்டின் நிலையைக் காண்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005-ல் இத்துறைக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆயின் அவை சட்டம் அல்ல. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் துணையுடனான இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது; அது 2022-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு கருவைப் பத்தாண்டுகளுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. தவணை முடிந்ததும் அதனை அழிய விடலாம். அல்லது தம்பதியரின் சம்மதத்துடன், பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அளிக்கலாம். கருவை விற்பதும், பிறருக்கு மாற்றுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. தம் சொந்தக் கருவைத் தம் சொந்தப் பயனுக்காக, தேசிய வாரியத்தின் அனுமதியுடன் கொண்டுசெல்வது ஒன்றே விதிவிலக்கு. இச்சட்டத்தின்கீழ்ச் சிகிச்சை பெறுபவர்கள், பதிவு பெற்ற வங்கியின் வழியாகப் பிறருடைய முட்டையையோ விந்தணுவையோ பெறலாம். அவ்வாறு பிறக்கும் குழந்தை அவர்களுடைய சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். அணுவை அளித்தவருக்கு எவ்வித உரிமையும் இல்லை. ஆனால் ஒரு தம்பதியர்க்காக உருவாகி எஞ்சியிருக்கும் கருவை மற்றொரு தம்பதியர் பெறுவதற்கு வழியில்லை.

படிவத்தில் நான்காவது கட்டம் இல்லாததன் காரணம் இதுவே. அது மருத்துவமனையின் மறதி அன்று, சட்டத்தின் முடிவு.

அம்முடிவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏழைப் பெண்களின் முட்டைகளும், அவற்றால் உருவாகும் கருக்களும் சந்தைப் பொருளாகிவிடலாகாது என்னும் அச்சம் நியாயமானதே. 1956-ஆம் ஆண்டின் சட்டமும் அதே அச்சத்தினால்தான் தத்துக்குப் பணம் பெறுவதைத் தடுத்தது. ஆனால் அச்சட்டம் பணத்தைத் தடுத்துவிட்டுத் தத்தை அனுமதித்தது. இச்சட்டமோ, பணம் பெறாமல் அக்காள் தங்கைக்குக் கொடுப்பதையும் சேர்த்தே தடுத்துவிட்டது. பிள்ளைக்கு உரிய சட்டத்தில் கரு இடம் பெறவில்லை. கருவுக்கு உரிய சட்டத்தில் கொடுக்கும் வழி இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே, திண்ணையில் அது காத்திருக்கின்றது.

இது மாற வேண்டுமா என்பதை அறிஞர்களும் சட்டமன்றத்தாரும் ஆராய்வாராக. வரலாறு படித்தவர் என்ற முறையில் நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. சரபோஜி மன்னரின் துன்பமும், புணே வழக்கின் பதினான்கு ஆண்டுகளும் தத்தினால் விளைந்தவை அல்ல. கொடுத்ததும் கொண்டதும் ஐயமற நிறுவப்படாமையால் விளைந்தவை. இராமநாதபுரத்தில் வழக்கம் வென்றதற்குக் காரணம், ஞாதிகளின் சம்மதம் தெளிவாக இருந்தமையே. நாளை ஒருகால் கருவைக் கொடுக்கவும் கொள்ளவும் நம் நாட்டில் வழி பிறக்குமாயின், அங்கேயும் இதே விதி பொருந்த வேண்டும். யார் கொடுத்தார், யார் கொண்டார் என்பது ஏட்டில் ஏறவேண்டும். பணம் நடுவே வரலாகாது. பிறக்கும் பிள்ளை வளர்ந்து கேட்டால் அதற்கு உண்மையான விடை கிடைக்க வேண்டும். இவற்றுள் கடைசியானதே முதன்மையானது. கொடுப்பவரும் கொள்பவரும் தம் பெயரை எழுதிக் கையெழுத்திடுகின்றனர், கையெழுத்திடாத மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார், வாழப்போகிறவர் அவர்தான்.

இவற்றையெல்லாம் அப்பெண்மணிக்கும் அவர் கணவருக்கும் எடுத்துச் சொன்னோம். தங்கைக்குப் பிள்ளை வேண்டுமாயின், பதிவு பெற்ற மருத்துவமனையில் அவர்களே சிகிச்சை பெறலாம். மத்தியத் தத்தெடுப்பு அமைப்பில் பெயரைப் பதிந்து, பிறந்து காத்திருக்கும் குழந்தையொன்றை மடியில் ஏற்கலாம் என்றும் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், நாம் எழுதித் தந்த தமிழ்ப் படியை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது கட்டத்தில், ஆராய்ச்சிக்குத் ‘தானம் செய்தல்’ என்று நாம் எழுதியிருந்தோம்.

“இதை மாற்றிக் ‘கொடுத்தல்’ என்று எழுதலாமா, அண்ணா? தானம் என்றால் போன இடத்தைக் கேட்கக் கூடாது என்பார்கள். கொடுத்தல் என்றால் கேட்கலாமல்லவா?” என்றார்.

இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், அத்திருத்தத்தை மறுக்க முடியவில்லை. ‘தானம்’ என்பதை அடித்துக் ‘கொடுத்தல்’ என்று எழுதினோம். அவர்கள் அக்கட்டத்தில் குறியிடவில்லை. முதற் கட்டத்தில் குறியிட்டு, இன்னும் ஓராண்டு பாதுகாத்து வைக்குமாறு கையெழுத்திட்டனர். பத்தாண்டுத் தவணையில் அவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் எஞ்சியிருக்கின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்களே! நமக்குப் பழக்கமில்லாத மொழியில் எழுதிய தாள்கள் நம் கைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றுள் சில, பிறந்த பிள்ளைகளையும் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் பற்றியவை. சட்டப்படி, கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்வரை தம்பதியர் தம் சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் தவணை கடந்தபின் வருந்திப் பயனில்லை. ஆதலின் எந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு படித்தறிந்த பின்னரே பேனாவைக் கையில் எடுங்கள்.